ஏற்காட்டுப் பச்சை எல்லாம் காடல்ல: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்காட்டைத் திருத்த உட்காருபவருக்கு சாட்டிலைட் படத்தில் மலை முழுக்க ஒரே பச்சையாகத் தெரியும். உடனே பெரிதாக ஒரு எல்லை போட்டு ‘லேண்ட்யூஸ்=ஃபாரஸ்ட்’ (காடு) என்று டேக் போட்டு, அதாவது அது என்ன என்று சொல்லும் குறிச்சொல்லை ஒட்டி, முடித்துவிடுகிறார்கள். அந்தப் பச்சைக்குள் காப்பித் தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. இங்கே காப்பி நிழலில் வளர்வது. மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. வானத்திலிருந்து பார்த்தால் மரத்தின் தலை மட்டும்தான் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரங்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா, நடுவே மண்பாதைகள் வளைந்து போகின்றனவா, காப்பி உலர்த்தும் களம் எங்காவது வெளுத்துத் தெரிகிறதா? அப்படியானால் அது ‘லேண்ட்யூஸ்=ஆர்ச்சர்ட்’ (தோட்டம்). இரண்டையும் ஒன்றாக்கினால், நாளை தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்டாலும் வரைபடத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

எனக்கு அதிகம் வலிப்பது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் ஓடி, காவிரியில் சேரும் ஆறு அது. நகருக்குள் சாக்கடை கலந்து கறுப்பாக ஓடுவதால் அந்தப் பகுதியை ‘டிரெய்ன்’ (வடிகால்) என்று மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். கழிவு கலந்தாலும், இருபுறமும் சுவர் எழுப்பினாலும் அது ஆறுதான்; ‘வாட்டர்வே=ரிவர்’ என்றே இருக்கட்டும்.

கோடு வரையும் திசையே நீர் ஓடும் திசை. ஊருக்குள் ஆறு தெளிவாகத் தெரிகிறதே என்று அங்கே தொடங்கி மேல்நோக்கி வரைந்தால், வரைபடத்தில் தண்ணீர் மலையேறும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலாவியிலேயே திருத்த உதவும் ஐடி எடிட்டரில் கோட்டைத் தேர்ந்தெடுத்து ‘வி’ விசையை அழுத்தினால் திசை திரும்பிவிடும். ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளி இருக்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டாலும் கணினிக்கு ஓடை அங்கேயே முடிந்த மாதிரிதான்.

சாலையும் ஓடையும் குறுக்கிடும் இடம் வேறு கதை. அங்கே இரண்டையும் புள்ளி வைத்து இணைக்கக் கூடாது. சாலைக்கு அடியில் குழாய் வழியாக நீர் போனால், ஓடையின் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ‘டனல்=கல்வர்ட்’ (அடிக்குழாய்), ‘லேயர்=-1’ (சாலைக்கு ஒரு அடுக்கு கீழே) போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கும் தரைப்பாலமா? சாலைத் துண்டுக்கு ‘ஃப்ளட்_ப்ரோன்=யெஸ்’ சேர்த்தால், மழைக்காலத்தில் அந்த வழியே வருபவருக்கு உதவும்.

கோடையில் எடுத்த படத்தில் ஓடை வெறும் மணலாக இருக்கும். அதை அழிக்காமல் ‘இன்டர்மிட்டென்ட்=யெஸ்’ (சில காலம் மட்டும் நீர் இருக்கும்) என்று சேர்த்துவிடுங்கள். ஏரிக்கும் இதேதான். சேலத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி ஆண்டுக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. படத்தில் தெரியும் புதரை நம்பி ‘ஸ்க்ரப்’ என்று குறித்தால், ஏரியை நாமே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கரையைப் பிடித்து, நீர் நிரம்பும் எல்லை வரை வரையுங்கள். சேலத்து மூக்கனேரி போல நடுவே திட்டுகள் இருந்தால், மல்டிபாலிகானில் (வெளி எல்லையையும் உள் எல்லைகளையும் சேர்த்துக் குறிக்கும் வடிவம்) அவற்றை ‘இன்னர்’, அதாவது உள் எல்லை, ஆக்குங்கள்.

கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரோ எல்லையோ எடுத்துப் போடக் கூடாது. உரிமம் அதற்கு இடம் தராது. எது என்று தெரியாத இடத்தில் ஊகித்து டேக் போடுவதைவிட, வரைபடத்திலேயே ஒரு ‘நோட்’ (மற்றவர்கள் பார்க்கும் குறிப்பு) வைத்துவிடுங்கள். கன்னங்குறிச்சியிலோ ஓமலூரிலோ இருக்கும் ஒருவர் நேரில் பார்த்துத் திருத்திவிடுவார்.