ஒரு சொல்லிலிருந்து கிளைவிடும் எண்ணங்கள்: மனவரைபடம் வரையும் முறை

கடலூரில் விடுமுறை நாள்களில் மாணவர்களுக்குக் கதையும் கட்டுரையும் எழுதப் பழக்கிவருகிறேன். "என்ன எழுதுவதென்றே தெரியவில்லை" என்று வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எண்ணங்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகத்தான் யோசிக்க வேண்டும் என்ற பழக்கந்தான் அவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கு நான் நம்பிக் கையாளும் வழி, நடுவில் ஒரு சொல்லை எழுதி அதிலிருந்து எண்ணங்களைக் கிளைகளாக இழுத்துக்கொண்டே போகும் மனவரைபடம். கிளைப்படங்கள் பழங்காலந்தொட்டே உண்டு என்றாலும், இன்று வழங்கும் வடிவத்தை 1970களில் பரவலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான். ஒரு கிளைக்கு ஒரு சொல் என்ற அவருடைய விதியை மட்டும் தளர்த்தாமல் வைத்துக்கொண்டால் போதும், மற்றவற்றை அவரவர் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கோடில்லாத தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் போதும். இருவர் சேர்ந்து வரைவதானால் சார்ட் பேப்பர் நல்லது. நடுவில் ஒரு சொல்லை எழுதி வட்டமிடுங்கள். அச்சொல் கைக்கு எட்டக்கூடிய பொருளாக இருக்கட்டும். 'வேளாண்மை' என்று எழுதினால் பாடநூல்தான் நினைவுக்கு வரும்; பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு 'முந்திரி' என்று எழுதினால் தோப்பே கண்முன் வந்துவிடும்.

அடுத்த பத்து நிமிடங்களுக்குப் பேனாவை நிறுத்தாமல் கிளைகளை இழுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 'முன்னுரை, வரலாறு, பயன்கள், முடிவுரை' என்று தலைப்புகளைக் கிளைகளாக்கிவிடுகிறார்கள். அது தேர்வுக்குரிய சட்டகம். அதில் புதிதாக எதுவும் முளைக்காது. மாறாக, நாக்கு, கை, மண், ஊர், வசவு என்று உடலுக்கும் வாழ்வுக்கும் அருகிலுள்ள சொற்களிலிருந்து தொடங்குங்கள். நாக்கிலிருந்து பாயசம் வரும், பழத்தைத் தின்றபின் தொண்டையில் உண்டாகும் கரகரப்பும் வரும். வசவிலிருந்து, பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கொட்டையைப் பார்த்து நம்மவர்கள் சூட்டிய 'முந்திரிக்கொட்டை' என்ற பட்டம் வரும். எதுவும் தோன்றாவிட்டால் வெறும் கோட்டையாவது இழுத்து வையுங்கள். காலியாக நிற்கும் கோட்டை நிரப்பவே மனம் அலையும்.

ஒரு சொல் என்ற விதிக்கு நான் இத்தனை அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. ஒரு மாணவி முதலில் 'தானே புயலில் முந்திரி மரங்கள் விழுந்தன' என்று கிளையின் மேல் முழு வாக்கியமாக எழுதியிருந்தாள். அது உண்மைதான், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலில் இம்மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. ஆனால் வாக்கியம் முற்றுப்பெற்றுவிட்டதால் அதிலிருந்து மேற்கொண்டு எதுவும் கிளைக்கவில்லை. 'தானே' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொன்னேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதனடியில் 'முளைத்தது' என்று எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு 'நட்டது' என்றாள். புயலுக்குப் பின் தோப்புகள் தாமாக முளைத்தனவா, யார் கன்று நட்டார்கள் என்ற கேள்வி அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே பிறந்தது. அதை வைத்துத் தன் தாத்தாவிடம் போய்ப் பேசி, நான்கு பக்கம் எழுதி வந்தாள்.

கிளைகள் நிறைந்தபின் தாளை ஓர் இரவு அப்படியே விட்டுவையுங்கள். மறுநாள் புதிய கிளை எதையும் சேர்க்காமல், வேறு நிறப் பேனாவால், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரு சொற்களை இணைத்துப் பாருங்கள். மனவரைபடத்தின் உண்மையான பலன் கிளைகளைவிட இந்த இணைப்புக் கோடுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மூலையில் 'கை', இன்னொரு மூலையில் 'பாயசம்' என்று வைத்துக்கொள்வோம். முந்திரி ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பதால், கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொள்வார்கள். அந்தக் கறைபடிந்த விரல்கள் எடுத்துத் தரும் வெள்ளைப் பருப்புதான் விருந்துப் பாயசத்தில் மிதக்கிறது. இரண்டையும் ஒரு கோடு சேர்த்ததும் கதைக்குரிய ஆள் கிடைத்துவிடுகிறாள். பத்து இணைப்புகளில் எட்டு ஒன்றுக்கும் உதவாமல் போகலாம், அதற்காக வருந்த வேண்டியதில்லை.

எக்ஸ்மைண்ட், ஃப்ரீமைண்ட் போன்ற மென்பொருள்கள் வரைபடத்தைச் சேமிக்கவும் பிறருக்கு அனுப்பவும் பயன்படும். முதல் வரைபடத்தை மட்டும் கையால் வரையுங்கள். இருவர் சேர்ந்து செய்வதானால், தனித்தனியே வரைந்து முடித்த பிறகே ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுபவரின் எண்ணமே தாள் முழுவதும் படரும்.

கடைசியாக, மனத்தை விடாமல் பிடித்த இணைப்பு ஒன்றைத் தேர்ந்து, அதையே புதிய தாளின் நடுவில் எழுதி மீண்டும் வரையுங்கள். இம்முறை கிளைகள் குறைவாகவும் ஆழமாகவும் வரும். எழுதும்போது எது முன்னால், எது பின்னால் என்று அவற்றின் மேல் எண்களை இட்டுவிட்டு, எண் ஒன்று இருக்கும் கிளையிலிருந்து முதல் பத்தியைத் தொடங்குங்கள்.