குதிரைக் கணக்கு: மலையில் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் 450 மீட்டர் ஒற்றையடிப் பாதை. காபித் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கும், நடுவில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். கொடைக்கானல் தாலுகாவில் தாண்டிக்குடிப் பக்கம் இப்படி வண்டி போகாத வீடுகள் நிறைய. என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் மண் வெட்டியதிலிருந்து ஓடு வேய்ந்ததுவரை நின்று கட்டியது நான்தான். காண்ட்ராக்ட் விடவில்லை. கேட்டுப் பார்த்த ரெண்டு பேரும் சதுர அடிக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்ததும் வேறு விலை சொன்னார்கள்.

பிளானோடு, சரக்குச் சுமக்கிற குதிரைக்கார அண்ணனிடம் போனபோது அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருவாட்டி வெறுங்கையா எறங்கி ஏறிப் பாருங்க தாயி. அப்புறம் எத்தனை மூட்டைன்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டின் உருவத்தையே மாற்றியது அதுதான்.

வீடு 600 சதுர அடி. எல்லோரையும்போல மேலே காங்கிரீட் தளம் என்றுதான் நினைத்திருந்தோம். 5 அங்குலக் கனம் என்றால் 250 கன அடி காங்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று கலந்தால் சிமெண்ட் 56 மூட்டை, எம்.சாண்ட் 105 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 210 கன அடி. எடையில் பார்த்தால் சிமெண்ட் 2.8 டன், மணல் ஏறக்குறைய 5 டன், ஜல்லி ஏறக்குறைய 9 டன். ஒரு குதிரை ஒரு நடைக்குப் பக்கத்துக்கு ஒரு மூட்டை வீதம் 100 கிலோதான் கொண்டுவரும். அதுக்கு மேல் ஏற்றச் சொல்லக்கூடாது, வாயில்லா ஜீவன். ஆக ஒரு தளத்துக்கு மட்டும் 165 நடைக்கு மேல். கம்பி, சென்ட்ரிங் பலகை, முட்டுக்கொடுக்கிற சவுக்கு எல்லாம் தனி.

அதே வீட்டுக்கு இரும்புக் குழாயில் சட்டம் அடித்து மங்களூர் ஓடு வேய்ந்தால், மூன்றடி இறவாரம் சேர்த்து 1,400 ஓடு. ஒன்று இரண்டரை கிலோ பக்கம். 35 நடை. அன்றைக்கே தளத்தை விட்டுவிட்டோம். தண்ணீர்த்தொட்டி வைக்கவேண்டும் என்பதற்காகக் குளியலறைக்கு மேல் மட்டும் 50 சதுர அடிக்குப் போட்டோம். சொந்தக்காரர்கள் "என்ன, பழைய வீடு மாதிரி ஓடு போடுற?" என்று கேட்கத்தான் செய்தார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நீங்களும் பிளான் வரைகிறதுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். அடிவாரத்து வத்தலக்குண்டுக் கடையில் சிமெண்ட் என்ன விலை என்பது பாதிக் கேள்விதான். லாரி எதுவரை வரும், அங்கிருந்து பிக்கப் எதுவரை, அப்புறம் குதிரையா தலைச்சுமையா, ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றுகிற கூலி என்ன என்று கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு ஒரு மூட்டை வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது கடை விலையோடு பாதி கூடிவிட்டது. மணலுக்கு இன்னும் மோசம், விலையைவிடத் தூக்குக்கூலி அதிகம். எடை குறைந்த பொருளை எந்த இடத்தில் பயன்படுத்தலாம், எது நம் இடத்திலேயே கிடைக்கும் என்று அப்போதுதான் புத்தி போகும். அஸ்திவாரத்துக்கும் அதற்கு மேல் இரண்டடி வரைக்கும் நாங்கள் வைத்தது முழுக்க, மண் வெட்டும்போது கிளம்பிய கருங்கல். கல் உடைக்கிறவர்கள் இரண்டு பேர் உளியும் ஆப்பும் வைத்து மூன்று வாரம் உடைத்தார்கள். அந்தக் கல்லுக்குக் குதிரை வேண்டியிருக்கவில்லை.

பாதை என்றதும் இன்னொன்று. எங்கள் பாதையில் பாதி பெரியப்பா தோட்டத்துக்குள் போகிறது. "நீ போம்மா, யார் கேட்கப்போறா" என்றுதான் சொன்னார். ஆனால் நாளைக்கு அவர் மகன் தோட்டத்தை விற்றால்? எழுதி வாங்கிப் பதிவு செய்துகொண்டேன். அதில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனதில் சரியாகிவிட்டது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் கையில் இருக்கட்டும். சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். காபிச் செடிக்கு நடுவில் புதைந்த கல்லை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வருவாய்க் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். 'ஹாகா' என்றால் எல்லா ஆபீசிலும் புரியும், 1990-இல் வந்த ஏற்பாடு. வந்தால் பஞ்சாயத்து அனுமதியோடு நிற்காது. மரம் வெட்ட 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனியாக அனுமதி வேண்டும். நாமே நட்ட மரம்தானே என்று கோடாரியை எடுக்காதீர்கள். ஜேசிபி இறக்கவும் கேட்கவேண்டும். எங்கள் பாதையில் அது இறங்காது என்பதால் எனக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆறு மாதம் ஆகும் என்று முதலிலேயே நினைத்துக்கொண்டால் மனசு நோகாது.

மலையில் வேலை செய்ய வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியில் யாரும் வேலை தொடங்க மாட்டார்கள். அதோடு அப்போது காபிப் பழம் பறிக்கிற நேரம், தை மாதம் வரை ஆளே கிடைக்காது. சித்தாளாக வரவேண்டியவர்கள் எல்லாம் பழக்கூடையோடு நிற்பார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். மாசியிலிருந்து ஆவணி வரைக்கும்தான் வேலை. அதிலும் சித்திரையில் ஊற்று இளைத்துவிடும். 2,000 லிட்டர் தொட்டி ஒன்றை வேலை தொடங்குவதற்கு முன்பே இறக்கி, ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு ராத்திரியெல்லாம் நிரம்பவிட்டேன். சிமெண்டுக்கு நீர் ஆற்ற பழைய காபிச் சாக்கை நனைத்துப் போர்த்தினால் போதும், ஊற்றுகிற தண்ணீர் பாதி மிச்சம். பத்து நாள் சாக்கு காயக்கூடாது, அவ்வளவுதான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், மண்ணும் தண்ணீரும்.

சரிவில் இடம் சமன் செய்யும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளுவோம். பார்வைக்கு அகலமான மைதானம் கிடைக்கும். ஆனால் அதில் பாதிதான் நாட்டு மண், மீதி தள்ளிய மண். வீட்டு அஸ்திவாரம் முழுக்க வெட்டிய பக்கத்தில் நிற்கவேண்டும். தள்ளிய பக்கம் காபி உலர்த்துகிற களம், பூச்செடி, கோழிக்கூடு எதுவும் வைக்கலாம். வீட்டின் ஒரு மூலைகூட அதில் போகக்கூடாது. இடம் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பாதி இதில் பாதி அதில் கட்டினால், இரண்டு மழை கழித்து நடுச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு வரும்.

நான் 2021 மாசி மாதம் மண் வெட்டி, கீழ்ப்பக்கம் ஆறடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினேன். கட்டிய மேஸ்திரி ரோட்டோரச் சுவரெல்லாம் கட்டியவர். "ஓட்டை விடட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்குக்கா, பார்க்க அசிங்கமா இருக்கும். சுவர் கனமாத்தான இருக்கு" என்றார். எனக்கும் அப்போது தெரியவில்லை. பிறகு ஊரடங்கு வந்தது, பணமும் முடங்கியது, வீட்டு வேலை தொடங்கவில்லை. அந்த வருட ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவர் நடுவில் கர்ப்பிணி வயிறுபோலப் புடைத்திருந்தது. மறுநாள் பத்தடி நீளம் விழுந்து, சிவப்பு மண் சித்தப்பா காபிச் செடிகளின் கழுத்துவரை மூடியது. வீடு கட்டியிருக்கவில்லையே என்று அப்போது ஊரடங்கைக் கும்பிட்டேன்.

சுவரைத் தள்ளியது மண் இல்லை, மண்ணுக்குள் நின்ற தண்ணீர். போக வழியில்லாமல் அது சுவரைத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பக் கட்டியபோது இப்படிச் செய்தோம்: கெட்டி மண் தட்டும்வரை தோண்டி இரண்டடி ஆழத்திலிருந்து கல் எடுப்பு. அடியில் மூன்றடி அகலம், மேலே ஒன்றரை. முகம் கொஞ்சம் மேட்டுப்பக்கம் சாய்ந்திருக்கும். ஐந்தடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்த மாதிரி. மேல்வரிசைக் குழாய் கீழ்வரிசைக்கு நேராக வராமல் இடையில் வரவேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு வெறும் உடைகல், அதற்குப் பின்னால்தான் மண். குழாயின் உள்வாயில் வலை கட்டாவிட்டால் மண் வந்து அடைத்துவிடும். மண்ணையும் மொத்தமாகக் கொட்டவில்லை, அரையடி அரையடியாகப் போட்டு திமிசுக் கட்டையால் இடித்தோம். முதல் மழையில் குழாய்களில் தண்ணீர் ஒழுகுவதைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் கிரகப்பிரவேசத்தன்றுகூட வரவில்லை.

அதனால் உங்களுக்குப் பணமும் நேரமும் எல்லாம் இருந்தாலும், தடுப்புச் சுவருக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடுவில் ஒரு ஐப்பசி போகட்டும்.

மேல்பக்கத்து வெட்டைச் செங்குத்தாக விடாதீர்கள், சாய்த்து வெட்டி வெட்டிவேர் நடுங்கள். வெட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஆறடி விடுங்கள், ஆள் புகுந்து மண் அள்ள வேண்டியிருக்கும். வெட்டுக்கும் மேலே, மலையிலிருந்து வருகிற தண்ணீரை மறித்து இரண்டு பக்கமும் பிரித்துவிட ஒரு வாய்க்கால் வேண்டும். கக்கூஸ் தொட்டி ஊற்றுக்குக் கீழே, தள்ளி இருக்கட்டும். கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சரக்கு வரும்போது நீங்கள் ரோட்டில் நிற்கவேண்டும். மணலோ ஜல்லியோ, "2 யூனிட் அனுப்பியாச்சு" என்று போனில் சொல்வார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுங்கள். எங்களுக்கு வந்த முதல் லோடு, பெட்டி 11 அடி நீளம், 6.5 அடி அகலம். முன்னால் குவித்திருந்ததைப் பார்த்தால் நிறையத் தெரிந்தது. நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பியைக் குத்திப் பார்த்ததில் சராசரி உயரம் 2.4 அடி. பெருக்கினால் 171 கன அடி. 2 யூனிட் என்றால் 200 வரவேண்டும். டிரைவர் தம்பி மேல் தப்பில்லை, அவன் ஏற்றிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். அவன் எதிரிலேயே கிரஷருக்குப் போன் போட்டேன், 171-க்குத்தான் காசு கொடுத்தேன். அடுத்த லோடிலிருந்து அளவு சரியாக வந்தது.

கம்பிக்கு எங்கள் வீட்டுக் காபித் தராசே போதுமாக இருந்தது. 12 மி.மீ. கம்பி 40 அடி முழுநீளம் ஒன்று 10.6 கிலோ பக்கம் நிற்கவேண்டும், 10 மி.மீ. 7.4, 8 மி.மீ. 4.7. பத்துக் கம்பியைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிசு. எடைக்குக் காசு வாங்கினால் நஷ்டமில்லை என்பார்கள், ஆனால் சுவரைச் சுற்றிப் போடுகிற காங்கிரீட் பெல்ட்டில் இருக்கவேண்டிய இரும்பு இருக்காதே. 40 அடிக் கம்பியைக் குதிரையில் கொண்டுவர முடியாது, வளைவில் திரும்பாது. கம்பி கட்டுகிறவரை ரோட்டுக்கே கூப்பிட்டு, பிளான்படி அங்கேயே வெட்டி வளைத்து, ரிங்கெல்லாம் கட்டாகக் கட்டி இறக்கினோம்.

சிமெண்டை ஒரே தடவையில் வாங்கிக் குவிக்காதீர்கள். மஞ்சு இறங்குகிற ஊரில் மூட்டை கல்லாகிவிடும். தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மேலே தார்ப்பாய் மூடி வைத்தேன். அப்படியும் ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. முதலில் வந்தது முதலில் போகவேண்டும், மூட்டைமேல் தேதியைச் சாக்பீசால் எழுதிவிடுங்கள்.

ஆள் கணக்குக்கு ஒரு நோட்டு. நாள், யார் வந்தார், என்ன வேலை நடந்தது, எத்தனை மூட்டை உடைத்தோம், எத்தனை இருப்பு, குதிரை எத்தனை நடை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி. நோட்டை மேஸ்திரியும் பார்க்கிற மாதிரி திண்ணையில் வைத்தே கணக்கு முடிப்பேன். முன்பணம் கேட்டால் கொடுங்கள், ஒரு வாரக் கூலிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், உங்களுக்குக் கோபமும் வரும், கேட்கவும் கூச்சமாக இருக்கும். மத்தியானம் ஒரு கருப்பட்டிக் காபி கொடுத்தது கணக்கில் இல்லை, ஆனால் மழை மூடினாலும் ஆள் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கயிறு கட்டி முளை அடித்து மார்க்கிங் செய்த அன்றைக்கே அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிடுங்கள். நாங்கள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ராத்திரி காட்டுமாடு கூட்டமாகக் குறுக்கே போயிருக்கிறது. கயிறு ஓடையில் கிடந்தது, மூலைமட்டம் பிடித்த முளை ஒன்றுகூட இல்லை. திரும்ப ஒரு நாள் கூலி.

2022 ஆவணியில் பால் காய்ச்சினோம். ஓட்டுக்கு ஒரே தொந்தரவு குரங்கு. முகட்டிலும் ஓரத்திலும் உள்ள வரிசைகளை மெல்லிய கம்பியால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், 50 ஓடு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி.யில் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள், அதற்கு ரேட் கூட. மேல் வாய்க்காலில் சில்வர் ஓக் சருகு வந்து அடைக்கும். நான் புரட்டாசி கடைசி ஞாயிறு மண்வெட்டியோடு ஏறி முழுக்க அள்ளிவிடுவேன், அப்படியே சுவர்க் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்ப்பேன்.