வாழ்நாள் வளர்ச்சி பற்றி ஆராய்ச்சி செய்ய நினைக்கிறீர்களா? நெல்லைச் சீமையில் இப்படித் தொடங்கலாம்

உளவியலிலோ சமூகப்பணியிலோ எம்.ஏ. முடித்துவிட்டு, பிறப்பிலிருந்து முதுமைவரை மனிதர் எப்படி மாறுகிறார் என்ற மனித வளர்ச்சி பற்றி ஆராய வேண்டும், ஆனால் என்ன தலைப்பு எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

முதலில், ஒரு வகை ஆய்வை விட்டுவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சப் பேர், அறுபது தாண்டியவர்கள் கொஞ்சப் பேர், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நினைவாற்றல் சோதனை, கடைசியில் "வயதானால் நினைவு குறைகிறது" என்று ஒரு முடிவு. மானூர்ப் பக்கத்து ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவர், பேத்தி பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. படிக்கிறாள். இருவர் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் வயதின் பங்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாய் 1956-இல் சியாட்டிலில் தொடங்கி, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். வெவ்வேறு வயதினரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டபோது சரிவு சீக்கிரமே தொடங்குவதுபோலத் தெரிந்தது. ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான திறன்கள் அறுபது வயது வரைக்கும் பெரிதாக இறங்கவில்லை. பிறந்த காலம் மனிதனை அவ்வளவு மாற்றுகிறது.

சரி, எதை எடுப்பது? சிறுவயதில் நடந்த ஒன்று நடுவயதில் எப்படி வெளிப்படுகிறது என்ற கேள்வியை எடுங்கள். இனி வரும் ஆராய்ச்சி இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு நம் கையிலேயே அருமையான ஒரு அடையாளம் இருக்கிறது: பள்ளிக்கூடச் சாப்பாடு. 1950-களில் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு என்று மூன்று தலைமுறைக்கு மூன்று தட்டு. சத்துணவு முதலில் 2 முதல் 9 வயதுவரை இருந்த பிள்ளைகளுக்கு, 1984-இல்தான் 15 வயதுவரை நீண்டது. அப்படியானால் முதன்முதலில் சாப்பிட்ட குழந்தைகள் 1973-இலிருந்து 1980-க்குள் பிறந்தவர்கள், அவர்களுக்கு இப்போதுதான் நடுவயது. இந்திய முதுமை ஆய்வான லாசியின் முதல் சுற்று 2017-18-இல் 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை எடுத்துக்கொண்டது, ஆகவே இவர்களில் பெரும்பாலானோர் அதன் வயது வரம்புக்குள் வரவில்லை. நீங்கள் செய்தால் புதிய வேலை.

ஒரு சிக்கல் உண்டு. சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம், அதனால் சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் நேராக ஒப்பிட்டால் வறுமையைத்தான் அளப்பீர்கள். ஒரே வீட்டு உடன்பிறப்புகளைத் தேடுங்கள். அண்ணன் 1967-இல் பிறந்து சத்துணவுக்கு வயது தாண்டியவர், தங்கை 1977-இல் பிறந்து முழுதாகச் சாப்பிட்டவர் என்றால் வீடு ஒன்று, சாப்பாடு வேறு. அண்ணன் பழைய மதிய உணவைச் சாப்பிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை கடைசிப் பிள்ளை வித்தியாசமும், பத்து ஆண்டில் வீட்டு வருமானம் மாறியதும் இதில் கலக்கும், எனவே நிறைய வீடுகள் வேண்டும். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிட்டால் உயரத்தையும் அளக்கலாம், சிறுவயதுப் போஷாக்கு அதில் பதிந்திருக்கும்.

பழைய விஷயத்தைக் கேட்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, 92 வெள்ளம், ஊர்க் கொடை (கோயில் திருவிழா), அக்கா கல்யாணம், கடற்கரை ஊர் என்றால் சுனாமி என்று ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, "தாமிரபரணி வெள்ளம் வந்தப்போ நீங்க எந்த வேலையில இருந்தீங்க அண்ணாச்சி?" என்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வரும். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம், அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்டது நிறைய உண்டு. ஞாபகச் சோதனையில் இன்றைய தேதி கேட்பார்கள். இங்கிலீஷ் தேதி தெரியாத ஆச்சி ஐப்பசி எத்தனை என்று டக்கென்று சொல்வார், அதையும் சரியான விடையாக எடுத்துக்கொள்ள முன்கூட்டியே விதி எழுதிவையுங்கள்.

இழப்பை மட்டும் எண்ணாதீர்கள். எந்த வயதிலும் வரவும் உண்டு செலவும் உண்டு என்பது ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டெஸ் அழுத்திச் சொன்னது. குறைந்ததை ஈடுகட்ட மனிதர்கள் வேலையைத் தேர்ந்தெடுத்துச் சுருக்குகிறார்கள், அதில் கூடுதலாகப் பழகுகிறார்கள், மாற்றுவழி தேடுகிறார்கள் என்றார். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு பெரியம்மாவிடமோ பத்தமடையில் பாய் நெய்பவரிடமோ போய், கண் மங்கிய பிறகு வேலையில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள், அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த வினாத்தாளும் தராத தகவல் அங்கே கிடைக்கும்.

அப்புறம் தொடர்ச்சி. பிஎச்.டி.க்கு மூன்று நான்கு ஆண்டுதான், முப்பது ஆண்டு பின்தொடர முடியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் தொடர்ந்து, தூக்கம், மனநிலை, நினைவு என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அளக்கலாம். ஆள் சென்னைக்கோ பம்பாய்க்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார், ஆகவே சொந்தக்காரர்கள் இரண்டு பேர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சுற்றையாவது ஊர்க் கொடை நடக்கும் வாரத்தை ஒட்டி வையுங்கள். வெளியூரிலிருப்பவர்கள் அப்போது வீட்டுக்கு வருவார்கள். விட்டுப்போனவர்கள் யார், ஏன் என்பதையும் எழுதிவையுங்கள், இருந்தவர்களை மட்டும் வைத்து முடிவு சொன்னால் அது தவறாகப் போகும்.

ஒப்புதல் விஷயத்தில் சலுகையே கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டியின்படி 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயது முதல் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பெரியவர்களிடம் பேசும்போது பேரன் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுத்தால், அவரை அன்பாக வெளியே அனுப்புங்கள். தாத்தாவுக்குக் களைப்பு என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் போங்கள்.

ஒப்புதல் படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள்: "பிற்காலத்தில் வேறு ஆய்வாளர் என்னைத் திரும்பச் சந்திக்கலாம்." பெயர்ப் பட்டியலைத் தனியாகவும் தரவை எண் போட்டுத் தனியாகவும் வைத்து, உங்கள் துறையிடம் முறைப்படி ஒப்படையுங்கள். பத்து ஆண்டு கழித்து வரும் மாணவர் அதே வீடுகளில் இரண்டாம் சுற்றை நடத்த அது இருந்தால் போதும்.