தைப்பூச வாரமும் பேனர் வேலையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுக்க ஆரம்பித்த புதிது. தைப்பூசம் நெருங்க, தண்ணீர்ப் பந்தல் பேனர், தோட்டத்துக் கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்டு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன.

முதல் தலைவலி எழுத்து. என் கணினியில் ஒழுங்காக இருந்த 'கோயில்', அச்சுக்கடைத் திரையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடந்தது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் கொம்பை எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறார்கள். முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. பழைய மென்பொருளுக்கு அது வராது. அதனால் இப்போதெல்லாம் இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன். மாற்றாத ஒரு பிரதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும். வடிவமான பிறகு பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தக்கூட முடியாது. கோயில் நோட்டீஸில் உபயகாரர் பெயர் கடைசி நிமிடத்தில் மாறாமல் இருந்தால்தான் அதிசயம்!

அடுத்து காசு. "முடிஞ்சதும் தர்றேம்மா" என்பவரிடம், "பாதி போட்டுடுங்கண்ணே, உடனே ஆரம்பிச்சிடறேன்" என்று கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் போடும் டூயிட்நவ் கியூஆரை அனுப்பிவிடுவேன். திருத்தம் இரண்டு முறை இலவசம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். இதைச் சொன்னதும் திருத்தங்கள் தானாகவே குறைந்தன.

வரவை மட்டும் அன்றன்றே குறித்துவிடுகிறேன். ஜூன் 30க்குள் வருமான வரிக்கு, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான பாரம் பி படிவத்தை அனுப்பும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கிறது.