நீளம் தாண்டுதல் பயிற்சியில் வீடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாண்டுவதற்குக் கால் ஊன்றும் பலகையில் கால் பதிந்து எழும் நேரம் ஏறக்குறைய 0.12 விநாடி. விநாடிக்கு 30 படம் (ஃபிரேம்) எடுக்கும் வீடியோவில் அதற்கு மூன்று, நான்கு படம்தான் கிடைக்கும். அதை வைத்து ‘முழங்கால் மடங்குது’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. போனில் ஸ்லோமோஷனை 240 ஃபிரேமுக்கு மாற்றினால் 29 படம் வரை வரும். வெளிச்சம் முக்கியம். விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருபவர், வெளிச்சம் குறைந்து ஷட்டர் வேகம் 1/240 விநாடிக்கு இறங்கினால், ஒரு படத்துக்குள்ளேயே 4 செ.மீ. நகர்ந்துவிடுவார். 1/1000 இருந்தால் பாதம் தெளிவாகத் தெரியும்.

கையில் பிடித்து ஆளோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுத்தால் கோணம் எதையும் நம்ப முடியாது. பலகைக்கு நேர் பக்கவாட்டில், 10 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

வீடியோவை அலசும் இலவச மென்பொருளான கினோவியாவில் திறக்கும்போது, படம் எடுத்த வேகம் 240 என்று கொடுத்தீர்களா என்று பாருங்கள். போன் அந்தக் கோப்பை 30 ஃபிரேமில் ஓடும்படி சேமித்திருந்தால், நேரமெல்லாம் எட்டு மடங்காகக் காட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பயிற்சி கெடுவது, காட்டும் விதத்தில்தான். தாண்டி எழுந்தவரின் கையில் உடனே போனைக் கொடுக்காதீர்கள். “கடைசி அடி எப்படிப்பா இருந்துச்சு, நீட்டி வெச்சியா?” என்று முதலில் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு படத்தைக் காட்டினால், உடம்பு உணர்ந்ததும் கண் பார்ப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று அவருக்கே புரியும். ஒவ்வொரு தாண்டலுக்கும் காட்டினால் திரை இல்லாமல் தாண்டத் தெரியாது. போட்டியில் எப்போதும் திரை கைக்குக் கிடைக்காது. மூன்றுக்கு ஒன்று, அல்லது அவரே கேட்கும்போது காட்டினால் போதும். அதிலும் ஒரே ஒரு விஷயம்.

பலகையை மட்டும் உற்றுப் பார்ப்பது இன்னொரு பொறி. குதிகால் உடலுக்கு வெகு முன்னே விழுந்து பிரேக் போடுவது படத்தில் தெரிகிறது; கோச் ‘காலை இழுத்து வை’ என்கிறார். கோளாறோ பெரும்பாலும் பலகை வரை ஓடிவரும் ரன்-அப்பில்: ஓடத் தொடங்கும் குறி பின்னால் இருப்பதால், எட்டாத பலகையை எட்டிப் பிடிக்கிறார். கேமராவைக் கடைசி ஆறு காலடிகளுக்கு நேராக நகர்த்தி நிறுத்தி எடுங்கள். எல்லாத் தாண்டலிலும் அப்படியே நீட்டினால், குறியை ஒரு பாத அளவு முன்னால் கொண்டுவந்து பாருங்கள். காலடிகள் ஒவ்வொரு முறையும் மாறினால் குறியில் கை வைக்க வேண்டாம். முதலில் ஓட்டத்தைச் சீராக்குங்கள்.

1991-இல் டோக்கியோவில் அமெரிக்க வீரர் மைக் பாவல் உலக சாதனையாக 8.95 மீட்டர் தாண்டிய படத்தைப் பக்கத்தில் ஓட்டிக் காட்டுவதில் பள்ளி மாணவருக்குப் பெரிய பயனில்லை. பலகையைவிட்டு எழுந்த பின் காற்றில் காலை எப்படி வீசினாலும் உடலின் பாதை மாறாது; பாவலின் வேகமும் மாணவரிடம் இல்லை. பக்கத்தில் வைக்க வேண்டியது, அதே மாணவரின் சென்ற மாதத்துச் சிறந்த தாண்டல்.