ஆயில் கருகும் வாடை: பேக்கிங் மாற்றும் முன் செய்யக்கூடாத தவறுகள்

ஓடும்போது தெரியாத கருகல் வாடை, கார் சிக்னலில் நின்றதும் உள்ளே வருகிறதென்றால், பெரும்பாலும் எங்கோ கசியும் இன்ஜின் ஆயில் சூடான சைலன்சர் பாகத்தின்மேல் விழுந்து கருகுகிறது என்று பொருள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தப் புகையை அடித்துச் சென்றுவிடும். நின்ற பிறகு அது பானெட்டுக்கு அடியில் தேங்கி, முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் உள்ள காற்றுத் துவாரம் வழியாக உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் வாடை குறைகிறது. குறைந்தது வாடைதானே தவிர கசிவு அல்ல என்பதை மறந்து, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பலர்.

எல்லாக் கருகல் வாடையையும் ஆயில் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறுதான். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஏறியவருக்கு வருவது, எரிந்த காகிதம் போன்ற கிளட்ச் பிளேட் வாடை. இறங்கும்போது வருவது பிரேக்கின் காரமான வாடையாக இருக்கலாம். கூலன்ட் கசிந்தால் இனிப்பு கலந்த ஆவி வாடை வரும். ஒயரிங் கருகினால் பிளாஸ்டிக் வாடை வரும். அதற்கு அங்கேயே வண்டியை நிறுத்தியாக வேண்டும். சாலையில் கிடந்த பாலித்தீன் பை சைலன்சரில் ஒட்டி உருகியதற்காக இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது, ஆகவே கசிவு இல்லை என்று வாதிடுவது அடுத்த தவறு. சில சொட்டுகள் விழுந்தாலே கார் முழுவதும் நாறும். அந்த இழப்பு டிப் ஸ்டிக்கில் தெரிய வாரங்கள் ஆகும். அளவையும் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடங்கள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் உடனே பார்த்து, குறைவென்று நினைத்து மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால், இன்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்கச் செய்வதோடு, உள்ளே அழுத்தம் கூடிப் புதிய கசிவுகளும் தொடங்கக்கூடும்.

ஆனால் பணத்தை அதிகம் விழுங்குவது, ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று நம்பும் தவறு. என் பழைய காரில், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பின் அடியில் ஈரம் இருந்ததைப் பார்த்து முதலில் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் வாஷரை மாற்றினார்கள், பிறகு சம்ப்பையே கழற்றி ஒட்டினார்கள். வாடை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மெக்கானிக், ஆறிய இன்ஜினைத் துடைத்து, கிளீனர் அடித்துக் காயவைத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு மேலிருந்து பார்த்தார். இன்ஜினுக்குப் பின்னால், கைவிரல் நுழையவே சிரமமான இடுக்கில், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு நோக்கி இறங்கியிருந்தது. ஆயில் மேலிருந்து வழிந்து இறங்கும், எதிர்க்காற்றில் பின்னோக்கியும் பரவும். ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத்தான் தேட வேண்டும். அதற்குமுன் துடைக்காமல் தேடுவதில் பயனே இல்லை. டேப்பட் கவரின் விளிம்பில் ஆயில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கின் ரப்பர் பல ஆண்டுச் சூட்டில் இறுகி வெடித்துவிடுவதால், பழைய கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுவே.

இடம் தெரிந்தபின் அவசரமாக கவரின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். பல கார்களில் அவற்றுக்குத் தேவைப்படும் முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கைப்பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும், கவர் அமரும் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். பேக்கிங் முழுவதும் பசை போன்ற சீலன்ட்டை அப்புவதையும் தவிர்க்க வேண்டும். உள்ளே பிதுங்கிய துண்டுகள் உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கக்கூடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூலைகளில் ஒரு சிறு பொட்டு போதும்.

புதிய பேக்கிங்கும் சில மாதங்களில் கசிந்தால், பேக்கிங்கின் தரத்தைக் குறை சொல்வதற்குமுன் பிசிவி வால்வைப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் அந்தச் சிறு வால்வு அடைபட்டால், அழுத்தம் எந்தப் பேக்கிங் பலவீனமோ அதன்வழி ஆயிலைத் தள்ளும். ஐந்து பேக்கிங் மாற்றினாலும் கதை அதேதான்.

ஆயில் மாற்றிய மறுநாள் வரும் வாடை வேறு வகை. ஃபில்ட்டரைக் கழற்றும்போது சிந்தியதாக இருந்தால் சில நாள் ஓட்டத்தில் தானே தீர்ந்துவிடும். பழைய ஃபில்ட்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை முடுக்கியிருந்தால் நிலைமை வேறு. அழுத்தத்தில் ஆயில் பீறிட்டு, ஒரே பயணத்தில் இன்ஜின் வறண்டுபோகவும் கூடும். கீழே புதுச் சொட்டுகள் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் நிலையத்தை அழைப்பது நல்லது.

வாடையோடு பானெட்டிலிருந்து புகையும் வந்தால், ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பதற்றத்தில் பானெட்டை முழுவதும் திறந்தால் காற்றுப் புகுந்து தீ மூளலாம்; எரியும் ஆயில்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ தெறித்துப் பரவும்.

பழுது சரியாக முடிந்த பிறகும், மேனிஃபோல்டில் ஊறிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை சில நாட்கள் வாடை வரத்தான் செய்யும். அதை வைத்து மறுபடி பிரிக்கச் சொல்லாமல், ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் ஆறிய நேரத்தில், அதே மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள்.