மரக்கட்டையில் முளைக்கும் பிளவுச் செவுள் காளான்: கண்டுபிடிப்பதிலிருந்து ஸ்போர் அச்சு வரை

மழை ஓய்ந்த பிறகு தோப்புப் பக்கம் நடந்தால், வெட்டிப் போட்ட மாமரக் கட்டையில் கம்பளித் துணுக்கை ஒட்டவைத்தது போல வெள்ளையாக வரிசை கட்டியிருக்கும். பூசணம் என்று கடந்துபோய்விடுவோம். ஒன்றைப் பிய்த்துக் கவிழ்த்துப் பார்த்த நாளிலிருந்து என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. இது பிளவுச் செவுள் காளான். அறிவியல் பெயர் ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. காளான் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பல காளான்கள் இரண்டு நாளில் அழுகிவிடும். இது காய்ந்து மாதக்கணக்கில் மரத்திலேயே இருக்கும்.

தேவையானவை: கைலென்ஸ், காகித உறை, கறுப்பு சார்ட் அட்டை, கண்ணாடி டம்ளர், கொஞ்சம் பஞ்சு. பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துக் கெட்டுப்போகும்.

1. எங்கே தேடுவது

மா, முருங்கை, புங்கை என்று அகன்ற இலை மரங்களின் செத்த கிளைகளைப் பாருங்கள். வெட்டி ஓராண்டு, இரண்டாண்டு ஆகி, பட்டை இன்னும் முழுதாக உரியாத கட்டை நல்லது. வெயில் படும் இடத்திலும் இது வரும் என்பதால் அடர்ந்த காடுதான் வேண்டும் என்றில்லை. மலைப் பக்கம் போனால் காப்புக்காட்டில் எதையும் பிய்க்காதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவர் தோட்டமோ தோப்போ போதும். அப்புறம் ஒன்று: கட்டைக்கு அடியில் கையை விடாதீர்கள். தேளும் பாம்பும் இருக்கும் இடம் அது. குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

2. கவிழ்த்துப் பாருங்கள்

மேல்பக்கத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். சாம்பல் கலந்த வெள்ளை, விசிறி வடிவம், மேலே மயிர் மயிராக இருக்கும் மரக்காளான்கள் நிறைய உண்டு. அடிப்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஊசியால் குத்தியது போல நுண்துளைகள் இருந்தால் அது வேறு காளான், பெரும்பாலும் டிராமீட்டஸ் போன்ற ஒன்று. தேன்கூடு போல அறுகோணக் குழிகள் இருந்தால் ஹெக்சகோனியாவாக இருக்கலாம். ரப்பர் போல வழவழவென்று, காது மடல் மாதிரி இருந்தால் மரக்காதுக் காளான்.

நம்முடையதில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து விளிம்பு வரை கோடுகள் விசிறிபோல ஓடும். அவைதான் செவுள்கள். லென்ஸை வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இந்தப் பிளவைப் பார்த்துவிட்டால் சந்தேகம் வேண்டாம். அளவு பெரும்பாலும் 1 முதல் 4 சென்டிமீட்டர். தண்டு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

3. கட்டையையும் தொட்டுப் பாருங்கள்

வெளியே தெரிவது காய் மாதிரி. உடம்பு முழுவதும் நூலிழைகளாக மரத்துக்குள் இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று காளான்களை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் பாதிப்பில்லை. கட்டை வெளிறி, நார் நாராகப் பிரிந்தால் அது வெள்ளை அழுகல். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையும் பூஞ்சை தின்கிறது என்று பொருள். பழுப்பாகி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்தால் பழுப்பு அழுகல்.

4. நனைத்துத் திறக்க வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். காய்ந்து சுருங்கிய காளானை ஈரப் பஞ்சின் மேல், அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். சில மணி நேரத்தில் சுருண்ட பாதிகள் மெல்ல நிமிர்ந்து ஒன்றோடொன்று சேரும். தகடு போல விறைத்திருந்தது மெத்தென்று ஆகிவிடும். காயும்போது ஸ்போர் (காளானுக்கு விதை மாதிரியான நுண்துகள்) உண்டாகும் பரப்பை உள்ளே சுருட்டிப் பாதுகாப்பதும், ஈரம் பட்டதும் விரித்துக் காட்டுவதும் அதன் வேலைமுறை. கனடாவின் வின்னிபெக்கில் பேராசிரியராக இருந்த புல்லர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காளான்களைக் காயவைத்துக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறந்து நனைத்தபோது அவை விரிந்து ஸ்போர் உதிர்த்தன.

5. ஸ்போர் அச்சு

விரிந்த காளானைச் செவுள் கீழே இருக்கும்படி கறுப்பு அட்டையில் வைத்து டம்ளரால் மூடுங்கள். ஒரு இரவு அசைக்காதீர்கள். காலையில் மெதுவாக எடுத்தால் அட்டையில் வெண்மையாக, சில சமயம் இளஞ்சிவப்புச் சாயலோடு, கோடு கோடாக விசிறி பதிந்திருக்கும். ஒன்றும் விழவில்லையென்றால் காளான் கிழடாக இருந்திருக்கலாம். வேறொன்றை நனைத்துப் பாருங்கள்.

கோகோ பொடி போலப் பழுப்பாக விழுந்தால் நீங்கள் எடுத்தது கனோடெர்மா என்ற வேறொரு மரக்காளானாக இருக்க வாய்ப்புண்டு. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் தெரியவந்து, தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற தென்னை நோய்க்குக் காரணம் இந்தக் கனோடெர்மாதான்.

சாப்பிடலாமா?

மணிப்பூரில் இதைக் கங்லாயென் என்று சொல்லி விரும்பிச் சமைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். நீங்கள் முதன்முதலாகப் பிய்த்ததை வாயில் வைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் ஸ்போர் அச்சு எடுக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். அரிதாக இதன் ஸ்போர்கள் நுரையீரலில் தொற்று உண்டாக்கும்.

அச்சு எடுத்த காளானை நிழலில் உலர்த்தி, எந்த மரம், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதிக் காகித உறையில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதையே எடுத்து மறுபடி ஈரப் பஞ்சில் வையுங்கள்.